மலை இறங்காத வாத்தியம்

கொடைக்கானல் மலையில் விளைகிற எதுவும் வத்தலக்குண்டுக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. பிளம்ஸ் வருகிறது, பேரிக்காய் வருகிறது, காரட்டும் முட்டைக்கோஸும் மலைப்பூண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. மேலே பெய்கிற மழைகூட மஞ்சளாற்றுத் தண்ணீராக வந்து சேர்ந்துவிடுகிறது. ஒன்றே ஒன்றுதான் நூறு வருஷத்துக்கு மேலாகியும் மலையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. அது பியானோ சங்கீதம்.

1845ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் பங்களா கட்டிக் குடியேறினார்கள். 1901ல் மிஷனரிமார்களின் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெயர் பெற்றிருப்பது அதுதான். மேல்நாட்டுச் சங்கீதம் சொல்லிக் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். மோட்டார் ரஸ்தா போடுவதற்கு முன்னால் மேலே போன எந்தச் சாமானும் ஆள் தோளிலோ மாட்டின் முதுகிலோதான் ஏற வேண்டும். சுவரோடு சாய்த்து வைக்கிற சாதாரணப் பியானோவே இருநூறு கிலோ கனம் இருக்கும். அந்த நாளில் ஒரு பியானோ மலையேறியிருந்தால், அதைச் சுமந்தவன் நம் அடிவாரத்து மனிதனாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுமந்தவனை உட்கார வைத்து, "இதிலிருந்து என்ன வருகிறது, கேட்டுவிட்டுப் போ" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அது மேலே இருந்தவர்களின் குற்றம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவது சுலபம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் இத்தனை காலம் ஆன பிறகும், ஷோப்பின், ஷூமன், லிஸ்ட், பிராம்ஸ் என்ற பெயர்களைக் கேட்டவுடனே, "அதெல்லாம் மலைமேல் சமாசாரம் ஐயா, நமக்கெதற்கு?" என்று நாமே சொல்லிக்கொள்கிறோமே, அது யாருடைய குற்றம்? நான் சண்டை போட வந்தது அதோடுதான். முக்கியமாக, நாவல் வாசிக்கிறவர்களோடு. அவர்களுக்கு இப்படிச் சொல்ல உரிமை கிடையாது என்பது என் கட்சி.

முதலில், எதைப் பற்றிச் சண்டை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மேடை. அதில் ஒரு பியானோ. ஒரே ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து, பாட்டு இல்லாமல், பக்கவாத்தியம் இல்லாமல், ஒன்றரை மணி இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டுப் போகிறார். இந்த வழக்கத்துக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. அதற்கு முன்னால் கச்சேரி என்றால் கதம்பம். ஒருவர் பாடுவார், ஒருவர் வயலின் வாசிப்பார், நடுவில் பியானோ தலை காட்டிவிட்டுப் போகும். 1840 ஜூன் மாதம் லண்டனில் ஃபிரான்ஸ் லிஸ்டின் தனிக் கச்சேரிக்கு 'ரிசைட்டல்' என்று விளம்பரம் செய்தார்கள். செய்யுளை ஒப்பிப்பதற்கு வழங்கிய சொல் அது. பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று ஜனங்கள் விழித்தார்களாம். லிஸ்ட் பேசாமல் உட்கார்ந்து வாசித்தார். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

ஒரு மனிதன் தன் மனத்தில் உள்ளதைத் தன்னந்தனியாக நீளச் சொல்கிறான்; மற்றவர்கள் மௌனமாக உட்கார்ந்து அதைப் பின்தொடர்கிறார்கள். இந்த ஏற்பாடு உங்களுக்கு வேறெங்காவது பழக்கமானதாகத் தோன்றவில்லையா? நாவல் என்பதும் இதுதானே? தனி மனிதனின் மனசுக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தது 19ஆம் நூற்றாண்டு. ரொமாண்டிக் யுகம் என்று அதற்குப் பெயர். காதலுக்கும் இதற்கும் நேர் சம்பந்தம் இல்லை. உணர்ச்சிக்கு இலக்கணத்தைவிட உயர்ந்த ஆசனம் போட்ட காலம் என்று வைத்துக்கொள்ளலாம். நாவலைச் சீராட்டி வளர்த்த அதே வீட்டில்தான் தனிப் பியானோவும் வளர்ந்தது. ஷூமன் ஒரு புத்தக வியாபாரியின் மகன். நாவல் பைத்தியம். ழான் பால் எழுதிய நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயத்தை வைத்தே அவர் ஒரு பியானோ உருப்படி செய்திருக்கிறார். செகாவ் 1890ல் வெளியிட்ட கதைத் தொகுதி ஒன்றைச் சைகோவ்ஸ்கிக்குச் சமர்ப்பணம் செய்தார். டால்ஸ்டாய் எழுதிய கதை ஒன்றுக்குப் பெயரே பீத்தோவனின் சொனாட்டாதான்.

மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களில் இந்த டால்ஸ்டாயையும் செகாவையும் படித்துப் படித்து நம்மில் எத்தனை பேர் கண் கலங்கியிருக்கிறோம்! பனியைக் கண்ணால் பார்க்காதவர்கள் பனிச்சறுக்கு வண்டியில் ஏறிப் போய்விட்டு வந்தோம். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்லப் பழகினோம். அப்போது யாரும், "இது ருஷ்யச் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று கேட்கவில்லை. செகாவுக்காவது ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தார். சைகோவ்ஸ்கிக்கு அதுவும் வேண்டாம். அப்படியிருக்க, புத்தகத்துக்குத் திறந்த கதவு வாத்தியத்துக்கு மட்டும் ஏன் சாத்திக்கொள்கிறது?

வத்தலக்குண்டுக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவே முடியாது. அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். ராஜமய்யர் அந்த ஊர். 1893ல் விவேக சிந்தாமணியில் அந்த நாவல் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நாவல் என்ற உருவம் கடல் கடந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். வந்ததை எடுத்து, நம் வீட்டுத் திண்ணையையும் வம்பையும் வேதாந்தத்தையும் அதற்குள் உட்கார வைத்துவிட்டார். அதே ஊர் பி. எஸ். ராமையா மணிக்கொடியில் சிறுகதையைப் போற்றி வளர்த்தார். அதே ஊர் சி. சு. செல்லப்பா 1959ல் எழுத்து என்று ஒரு பத்திரிகை தொடங்கி, விமர்சனம் என்ற விருந்தாளிக்கும் புதுக்கவிதை என்ற விருந்தாளிக்கும் கைக்காசைப் போட்டுச் சோறு போட்டார். நாவல், சிறுகதை, விமர்சனம், புதுக்கவிதை என்று நாலு அந்நிய உருவங்களுக்குத் தொட்டில் கட்டிய ஊரின் அடிவாரத்தில் நின்றுகொண்டு, பியானோ அந்நியம் என்று சொன்னால் சிரிப்பாக இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். ராஜமய்யர் தம் முதல் அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருந்த அதே 1893ஆம் வருஷத்தில், ஆஸ்திரியாவில் மலைக்காற்று வீசும் இஷ்ல் என்ற ஊரில், அறுபது வயதான பிராம்ஸ் தம் கடைசிப் பியானோ உருப்படிகளை எழுதி முடித்தார். அவருக்கு ராஜமய்யரைத் தெரியாது. ராஜமய்யருக்கு அவரைத் தெரிந்திருக்கக் காரணமில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே காலத்துப் பிள்ளைகள். ஒருவரைப் 'பழைய நண்பர்' என்கிறோம், மற்றவரை 'அந்நியர்' என்கிறோம். நம்முடைய கணக்கு இது.

"நாவல் சரி, பியானோ ஆண்டவர்களின் வாத்தியம். அவர்கள் டீ குடித்துக்கொண்டு கேட்ட சங்கீதம்" என்று அடுத்த ஆட்சேபம் வரும். இதைச் சொல்கிறவர் தேசாபிமானியாக இருப்பார். அவருக்குப் பதில் ஷோப்பின். போலந்து தேசத்தை ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று வல்லரசுகள் பங்கு போட்டுத் தின்றுவிட்ட காலத்தில் பிறந்தவர் அவர். 1830 நவம்பரில் இருபது வயதில் வார்ஸாவை விட்டுக் கிளம்பினார். அதே மாதக் கடைசியில் அங்கே புரட்சி வெடித்து, பிறகு நசுக்கப்பட்டது. அவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. 1849ல் பாரிஸில் செத்த பிறகு அவருடைய இருதயத்தை மட்டும் அவர் தமக்கை ஊருக்குக் கொண்டு போனாள். தம் நாட்டுக் கிராமத்து ஆட்டங்களின் தாளத்தை எடுத்து அவர் செய்த மஸூர்க்காக்கள் பரதேசத்தில் இருந்துகொண்டு ஊரை நினைத்து அழுத அழுகை. 1863ல் வார்ஸாவில் மறுபடி கலகம் மூண்டபோது, அவர் வாசித்த பியானோவை ருஷ்யச் சிப்பாய்கள் மாளிகை ஜன்னல் வழியாகத் தெருவில் தூக்கி எறிந்தார்கள். 1940ல் ஜெர்மன் நாஜிகள் அங்கே அவர் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவர் சங்கீதத்தைத் தடை செய்தார்கள். ஆள்கிறவர்களின் சங்கீதமாக இருந்தால் ஆள்கிறவர்கள் அதற்கு வெடி வைப்பானேன்?

சுப்பிரமணிய சிவா பிறந்த ஊரும் வத்தலக்குண்டுதான். பேசியதற்காக 1908ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். அப்படிப்பட்டவர் பிறந்த மண்ணில் ஷோப்பினுடைய சங்கீதத்தை எஜமானர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தேசாபிமானம் ஆகாது. மலைமேல் கேட்டவர்கள் எஜமானர்கள் என்பதற்காக, எழுதியவனையும் எஜமானன் ஆக்கிவிடக் கூடாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. அதைக் கர்நாடக சங்கீத ரசிகர்கள் சொல்வார்கள். "பியானோவில் கமகம் கிடையாது. கட்டையைத் தட்டினால் ஒரு ஸ்வரம், அடுத்த கட்டையைத் தட்டினால் அடுத்த ஸ்வரம். நடுவில் இருக்கிற உயிர் எங்கே?" இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். கட்டை வாத்தியத்தின் மேல் இந்தக் கோபத்தினாலேயே 1940லிருந்து பல வருஷங்கள் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகுகிறது. பிறந்த நிமிஷத்திலிருந்தே அந்த ஒலி தேயத் தொடங்குகிறது. வித்வானால் அதை வளைக்க முடியாது, நீட்ட முடியாது, பெரிதாக்க முடியாது. தோடியை அதில் வாசித்தால் தோடி அழும்.

ஆகவே தோடியை அதில் வாசிக்கச் சொல்லாதீர்கள். நாதஸ்வரத்தில் இரண்டு ராகத்தை ஒரே சமயத்தில் வாசிக்கவில்லையே என்று யாராவது குறைப்படுகிறோமா? பியானோ வேறு ஒரு காரியம் செய்யும். பத்து விரலும் பத்து ஸ்வரத்தை ஒன்றாக எழுப்பும். அதனால் என்ன லாபம் என்று கேட்டால், கதை வாசகர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். 'வா' என்று ஒரு சொல். தாய் சொன்னால் ஒரு அர்த்தம், கடன் கொடுத்தவன் சொன்னால் ஒரு அர்த்தம், சாகப் போகிறவன் சொன்னால் இன்னொன்று. சொல் மாறவில்லை, சுற்றி இருக்கிற நிலைமை மாறியது. பியானோவில் வலது கை அந்தச் சொல்லைச் சொல்லும். இடது கை நிலைமையை மாற்றிக்கொண்டே போகும்.

ஷோப்பினுடைய இருபத்துநாலு பிரெலூடுகளில் நாலாவது ஒன்று இருக்கிறது. வாசித்தால் இரண்டு நிமிஷம். வலது கை ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஸ்வரங்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. புதிதாகப் பழகுகிற பையன்கூட அந்தக் கையை வாசித்துவிடுவான். இடது கையோ ஒவ்வொரு படியாக, ஒரு சமயம் ஒரு விரல், இன்னொரு சமயம் மற்றொரு விரல் என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அதே ஸ்வரம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்குத் துக்கம் கூடிவிடுகிறது. நாம் கமகத்தில் அசைப்பதை அங்கே ஸ்வரத்தின் காலடி மண்ணை அசைத்துச் செய்கிறார்கள். ஷோப்பினுடைய இறுதிச் சடங்கில் வாசித்த உருப்படிகளில் இதுவும் ஒன்று.

நம் காதுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை என்று சொல்ல வேண்டாம். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்றார். 1976ல் அன்னக்கிளி வந்தது. அன்றிலிருந்து டீக்கடை ரேடியோவிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் டவுன் பஸ்ஸிலும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலைமை மாறுகிற இந்த வித்தையைத் தமிழர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருடைய சிம்பனி 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அரங்கேறியபோது பெருமைப்படாத தமிழர் உண்டா? பெருமைப்பட்டதோடு சரி. அவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் மொண்டார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

"எனக்கு சங்கீத ஞானம் இல்லையே" என்று இன்னும் சிலர் அடக்கமாக ஒதுங்குவார்கள். இந்த அடக்கத்தை நான் நம்பவில்லை. தி. ஜானகிராமனின் மோகமுள்ளைப் படித்தவர்கள் எல்லாருக்கும் சங்கீத ஞானமா இருந்தது? ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாதவர்கள் பாபுவின் பின்னால் போய் ரங்கண்ணாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்தார்கள். காகிதத்தில் எழுதிய சங்கீதத்துக்கு உருகுகிறவர் காதில் விழுகிற சங்கீதத்துக்குப் பயப்படுவானேன்?

பயத்துக்குக் காரணம் ஞானமின்மை அல்ல. நாகரிகம் தெரியாதவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். எப்போது கை தட்டுவது? பாதியில் தட்டிவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பாரே? இந்தக் கூச்சத்தை உண்டாக்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசைந்தால் குற்றம், இருமினால் பாவம் என்கிற சம்பிரதாயம் பிற்பாடு வந்தது. லிஸ்ட் காலத்து ஜனங்கள் பிடித்த இடத்தில் கைதட்டினார்கள், பிடித்ததை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். அவருடைய கையுறைக்கும் கைக்குட்டைக்கும் பெரிய இடத்துப் பெண்கள் அடித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். நம் சபாக்களில் தலையாட்டி, தொடையில் தாளம் போட்டு, 'பலே' என்று வாய்விட்டுச் சொல்கிற ரசிகரை லிஸ்ட் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார். பிராம்ஸை மியூசியத்துக்குள் பூட்டியது யார்? நிச்சயமாக பிராம்ஸ் இல்லை.

தமிழ்நாட்டில் பியானோவைக் கையில் வைத்திருப்பவர்களையும் விட்டுவிட முடியாது. சினிமாக்காரர்கள் அதைப் பங்களாவின் வளைந்த மாடிப்படிக்குக் கீழே நிறுத்திப் பணக்காரர் வீட்டு மேஜையாக ஆக்கினார்கள். பெற்றோர்கள் அதைப் பரீட்சையாக ஆக்கினார்கள். லண்டனிலிருந்து நடத்துகிற பரீட்சைகளில் முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று எட்டு வரை ஏறுகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு வேண்டிய உருப்படிகள் பாடம். ஷூமன் 1838ல் குழந்தைப் பருவத்தை நினைத்துச் செய்த பதின்மூன்று சின்ன உருப்படிகளில் ஒன்றையாவது, சாயங்கால வேளையில் சும்மா உட்கார்ந்து பாட்டிக்கு வாசித்துக் காட்டியதுண்டா என்றால், விழிப்பார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும். பியானோ மேல் உறை போர்த்தியிருக்கும்.

பரீட்சைக்கு அடுத்தபடி வேகம். 2019ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் பதின்மூன்று வயதில் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினான். ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கிற சங்கீதத்தை நிமிஷத்துக்கு 325 தாளம் என்ற வேகத்தில் அவன் வாசித்ததை உலகமே பார்த்தது. அந்தப் பிள்ளையின் சாதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை அப்படிப் பழக எத்தனை உழைப்பு வேண்டும்! குறை நம்மிடம். அந்த 325ஐ ஞாபகம் வைத்திருக்கிறோம். வேறு என்ன வாசிப்பான், மெதுவாக வாசித்தால் எப்படி இருக்கும், ஒரு முழுக் கச்சேரி கேட்க வேண்டுமே என்று எத்தனை பேர் தேடிப் போனோம்? வித்வானைக் குதிரையாக நினைத்து, ஓட்டத்தைக் கடிகாரத்தில் அளந்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வத்தலக்குண்டில் ஒரு தனிப் பியானோக் கச்சேரி நடக்க வேண்டும். வத்தலக்குண்டில் மட்டும் ஏன், திண்டுக்கல்லில், பெரியகுளத்தில், போடியில், அடிவாரத்து ஊர்களில் எல்லாம் நடக்க வேண்டும். மண்டபத்துக்கு எங்கே போவது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒரு சாயங்காலத்தை வாடகை இல்லாமல் கொடுக்கிற தர்மவான் அடிவாரத்தில் ஒருவர்கூடவா கிடைக்க மாட்டார்? பியானோவுக்கு எங்கே போவது? மலைமேல் ஈரமும் கீழே வெயிலும் தந்தி வாத்தியத்துக்கு ஆகாது என்பது வாஸ்தவம். ஒரு பெரிய பியானோவில் இருநூற்றுக்கு மேற்பட்ட தந்திகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு இருபது டன் அளவுக்கு வரும். அதைச் சுருதி சேர்க்கிற ஆள் ஊருக்கு ஊர் கிடைக்க மாட்டார். ஆனால் இன்று எண்பத்தெட்டுக் கட்டையும், கட்டைக்குரிய கனமும் உள்ள மின்சாரப் பியானோ ஒரு புது மோட்டார் சைக்கிளின் விலைக்குள் கிடைக்கிறது. இரண்டு பேர் தூக்கி வேனில் வைத்துவிடலாம். அசலுக்கு அது ஈடாகாதுதான். மொழிபெயர்ப்பு மூலத்துக்கு ஈடாகுமா? இருந்தும் நாம் டால்ஸ்டாயைப் படிக்கவில்லையா?

வாசிக்க ஆள் கொடைக்கானலிலேயே உண்டு, சென்னையிலும் உண்டு. வருகிறவர்களிடம் இரண்டு நிபந்தனைகள் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால், அதைச் செய்தவன் யார், எந்த நிலைமையில் செய்தான் என்று நல்ல தமிழில் நாலு வாக்கியம் சொல்ல வேண்டும். வேகமாக வாசிக்கிற உருப்படி ஒன்றிருந்தால் மெதுவாக வாசிக்கிற உருப்படி மூன்று இருக்க வேண்டும். முன் வரிசையை முனிசிபல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பிரமுகர்கள் பின்னால் உட்காரட்டும். சங்கீதம் பின்னாலும் கேட்கும்.

அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது பிடிக்காமல் போகலாம். போகட்டும். பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். இப்போது அவர்களுக்குக் கிடைத்திருப்பது, தாங்கள் கேட்காத ஒன்றைத் தங்களுக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்த தீர்ப்பு. மிச்சம் பத்து பேரில் ஒருவனோ ஒருத்தியோ அந்த இரண்டு நிமிஷப் பிரெலூடைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் தூங்காமல் இருக்கலாம். இருபத்தொரு வயதில் ஒரு நாவலை ஆரம்பித்த பையனுக்கும் இப்படி எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள். கொடுக்கிற வேலையை யாராவது செய்தாக வேண்டும். மலையேறிப் போய்க் கேட்க வசதி உள்ளவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். பியானோவைத் தோளில் சுமந்து ஏற்றிய மனிதனின் கொள்ளுப்பேரன் அடிவாரத்தில் இருக்கிறான். அவனுக்குக் கூலி பாக்கி இருக்கிறது.